போத்தலுக்குள் இருந்த கடதாசி

இன்று காலையிலிருந்து என் கை ஸ்பிரிட் மணக்கிறது. இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. உன் போத்தல்களைத் திறந்து, குறைந்திருந்த ஸ்பிரிட்டை நிரப்பினேன், அவ்வளவுதான் செய்தது. மதியம் சோற்றுப் பார்சலை விரித்தால் சோற்றிலும் அதே மணம். ஆஸ்பத்திரி மணமென்று நான் மூக்கைப் பொத்தும்போதெல்லாம் நீ சிரிப்பாய். "இது ஆஸ்பத்திரி மணமில்ல புள்ள, பழுதாகாம இருக்கிற மணம்" என்பாய். இந்த மணம் கையில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறப் போட்டால் ஆத்திரமும் ஆறிவிடும். பிறகு நானும் மற்றவர்களைப் போல "என்ன செய்யிறது" என்று கையை விரித்துவிட்டுப் போய்விடுவேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பங்குனி மாதம் உன் காக்கா எனக்குப் போன் எடுத்தார். காத்தான்குடியில் உங்கள் ஒழுங்கை போய் முடிகிற வாவிக் கரையை மண் போட்டு நிரப்பி, படகுத் துறையும் உணவகமும் கட்டப் போகிறார்களாம். "தங்கச்சி நண்டு புடிச்ச இடம், மகள், அது. நீங்க படிச்ச ஆக்கள், ஏதும் செய்யேலாதா?" என்று கேட்டார். உன்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணன், வாவியில் வலை போட்டே வயது போனவர். அவர் என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

பிரதேச செயலகத்துக்குப் போய் அந்தச் சூழல் அறிக்கையை வாசித்தேன். பொதுமக்கள் பார்வைக்கு என்று ஒரு மேசையில் வைத்திருந்தார்கள், மேலே தூசு. பறவைகளுக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தார்கள். கரையோரக் கண்ணா மரப் பற்றைக்கு ஒரு பந்தி. சேற்றுக்கு ஒரே வரி: "சேற்றுப் பரப்பில் குறிப்பிடத்தக்க விலங்கினம் எதுவும் காணப்படவில்லை."

குறிப்பிடத்தக்க! எவன் குறிப்பிட, எவனுக்குத் தக்க? அந்தச் சேற்றில் முழங்கால் புதைய நின்று நீ எண்ணிய நண்டுகள் எத்தனை ஆயிரம் என்று எனக்குத் தெரியும். கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்து, கரையில் நின்று படம் பிடித்து, கல்லடிப் பக்கம் நல்ல இறால் கறி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய ஒருவர் உன் வாழ்க்கையை ஒரே வரியில் துடைத்துவிட்டிருந்தார். அன்று வீட்டுக்குப் போகாமல் நேரே பல்கலைக்கழகத்துக்கு, நான் படிப்பிக்கிற விலங்கியல் துறைக்குப் போனேன். உன் நண்டுப் போத்தல்கள் அங்கே இருக்கின்றன, அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய மேசையில் வைத்தால் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அலுமாரியைத் திறந்தேன். போத்தல்கள் இருந்தன. ஒவ்வொன்றின் வெளியிலும் பளபளவென்று ஒரு ஒட்டு, துறையின் இலச்சினை, அச்சில் இலத்தீன் பெயர், ஓர் இலக்கம். உள்ளே நண்டு மட்டும். நீ பென்சிலால் எழுதிப் போட்டிருந்த கடதாசித் துண்டு ஒன்றிலும் இல்லை.

நான் கத்திய கத்தில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுபோனது. ஆய்வுகூட உதவியாளர் அக்கா ஓடி வந்தா. அவவைப் பார்த்து, எந்த மடையன் இதைச் செய்தது, இந்தத் துறையில் ஒருவருக்காவது மூளை இருக்கிறதா என்றெல்லாம் கேட்டேன். அவ மெதுவாகச் சொன்னா: "மெடம், தர மீளாய்வுக்கு ஆக்கள் வரக்குள்ள நீங்கதானே சொன்னீங்க. உள்ளுக்குக் கிடக்கிற மஞ்சள் கடதாசியெல்லாம் எடுத்துப்போட்டு, போத்தல் எல்லாம் ஒரே மாதிரி வெக்கச் சொல்லி. நான் கேட்டனான், கடதாசிய என்ன செய்யிற எண்டு. நீங்க குப்பையில போடுங்க எண்டீங்க."

சொல்லியிருக்கிறேன். ஞாபகம் வந்தது. அதற்கு முந்திய மாதம்தான், மீளாய்வுக்கு முதல் நாள், கையில் நூறு கோப்பு, யாரோ கதவடியில் நின்று ஏதோ கேட்க, நிமிர்ந்தும் பார்க்காமல் சொல்லியிருக்கிறேன். வந்தவர்கள் அலுமாரியைப் பார்த்து "மிக நேர்த்தி" என்று எழுதிவிட்டும் போனார்கள். அதை நான் பெருமையாகத் துறைக் கூட்டத்தில் வாசித்தேன்.

உனக்கு இதைச் சொல்லவே வாய் கூசுகிறது. விலங்கியல் படித்த எவருக்கும் முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பது இதுதான்: விவரக் கடதாசி போத்தலுக்குள் இருக்க வேண்டும், பென்சிலால் எழுத வேண்டும். பேனை மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், வெளியில் ஒட்டியது ஒருநாள் கழன்று விழும். எங்கே பிடித்தது, என்றைக்குப் பிடித்தது, யார் பிடித்தது என்பது இல்லாத நண்டு வெறும் செத்த நண்டுதான். அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. இதை வருடா வருடம் நானே மாணவருக்குச் சொல்கிறேன், அதுவும் குரலை உயர்த்தி.

இரண்டாம் வருடத்தில் விலங்கினப் பல்வகைமைப் பாடத்துக்கு இருவர் இருவராகச் சேகரிப்பு ஒன்று ஒப்படைக்க வேண்டியிருந்ததே, அப்போதுதான் நாமிருவரும் சேர்ந்தோம். மற்றவர்கள் வண்ணத்துப்பூச்சிக்குப் போனார்கள். நீ என்னை உங்கள் ஒழுங்கை முடிவுக்கு இழுத்துக்கொண்டு போனாய். அபாயாவைத் தூக்கி இடுப்பில் செருகி, உள்ளே காக்காவின் பழைய காற்சட்டையோடு நீ சேற்றில் இறங்கினாய். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று உன் உம்மா "மானம் போகுது, ஊர் பாக்குது" என்று கூப்பாடு போட்டா. "ஊரையும் வந்து எண்ணச் சொல்லுங்க உம்மா, ஆள் காணாது" என்று திரும்பிக்கூடப் பாராமல் சொன்னாய். உம்மா கோபித்துக்கொண்டு போய், கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்தா.

ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்பளவு பெரிது. அதை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடும், மற்ற ஆணை வெருட்டும். சாப்பிடுவதற்கு அதற்கு மிஞ்சுவது சின்னக் கை ஒன்றுதான். பெண் நண்டு இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளித் தின்னும். "பாரு புள்ள, ஆம்பிளைக்கு ஒரு கை வேலைக்கு, மற்றக் கை படம் காட்டுறதுக்கு" என்று நீ சொல்லிச் சிரிக்க, நம்மோடு ஒரே பட்ச்சில் படித்த ஆண்கள் கரையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவன் பழிவாங்க நினைத்து, கூர்ப்புப் பாடத்தை, உயிர்கள் தலைமுறை தலைமுறையாய் மாறி வந்தன என்பதை, உங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்வார்களா என்று உன்னைக் கேட்டான். நீ நண்டைப் பிடித்த கையோடு நிமிர்ந்தாய். "அல்லாஹ் இதுக்கு ஒரு கையப் பெரிசாக் குடுத்தான். ஏன் எண்டு தேடுறதுக்கு எனக்கு மூளையக் குடுத்தான். உங்களுக்கு என்னத்தக் குடுத்தான் எண்டுதான் தெரியல்ல." அவன் இப்போது எங்கள் துறைத் தலைவர். அந்தப் பதிலை இன்றைக்கும் மறக்கவில்லை என்று அவனே சொல்கிறான்.

கையிழந்த ஆணுக்கு அதே பக்கத்தில் புதுக் கை முளைக்கும், பார்வைக்குப் பெரிதாக, உள்ளே பலமில்லாமல். மற்ற நண்டுகள் அளவைப் பார்த்துப் பயந்து விலகிப் போகும். அதை முதல் தரம் கண்ட அன்று நீ நண்டோடு கோபித்துக்கொண்டது எனக்கு நல்ல ஞாபகம். "இதுவும் பிழைத்திருப்பதற்கான ஓர் இசைவாக்கம்தான்" என்றேன் நான், புத்தகத்தில் வாசித்த தோரணையில். "இசைவாக்கமோ என்னமோ, எனக்குப் புடிக்கல்ல" என்றாய்.

அந்தச் சேகரிப்பை ஒப்படைப்பதற்கு முந்திய நாள் நமக்குள் நடந்த சண்டையை நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. எட்டுப் போத்தல்களுக்கு விவரம் எழுதாமல் விட்டுவிட்டோம். நான் என் வீட்டில் இருந்தபடி ஞாபகத்திலிருந்து திகதியும் இடமும் போட்டு, அழகாக எழுதிக்கொண்டு வந்தேன். நீ ஒவ்வொன்றாக வாசித்தாய். "இது செவ்வாய்க்கிழமை புடிச்சதெண்டு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்றாய். ஏறக்குறைய, என்றேன். எட்டையும் கிழித்துக் கழுவுதொட்டிக்குள் போட்டாய். "தெரியாட்டி தெரியாதெண்டு எழுதுகா. நண்டு செத்துத்தான் போச்சு, அதப் பொய் சொல்ல வெக்காத." எட்டிலும் தெரியாது என்றே எழுதி ஒப்படைத்தோம். புள்ளி குறைந்தது. அடுத்த கிழமை முழுக்க நான் உன்னோடு பேசவில்லை. பஸ்ஸில் நீ பக்கத்து இருக்கையில் வந்து இருந்து, ஒரு பொட்டலம் சோளப்பொரியை என் மடியில் வைத்தாய். அதற்குப் பிறகு எப்படிக் கோபமாக இருப்பது?

கோபப்பட வேண்டிய இடத்தில் நான் கோபப்படவில்லை, அதுதான் உண்மை. படித்து முடிந்து இருவரும் விரிவுரையாளர் பதவிக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனோம். பட்ச்சில் முதலாவது நீ. உன்னிடம் நண்டைப் பற்றிக் கேட்கவில்லை. கல்யாணம் பேசியிருக்கிறதா, வீட்டில் வெளிக்கள வேலைக்கு விடுவார்களா, இந்த உடுப்போடு சேற்றில் இறங்க முடியுமா என்று கேட்டார்கள். இடுப்பளவு சேற்றில் நின்று வளர்ந்தவளிடம்! வெளியே வந்து இதை நீ சொன்னபோது நான் அடுத்ததாக உள்ளே போக வேண்டும். போனேன். அவர்கள் கேட்டதற்கெல்லாம் இனிமையாகப் பதில் சொன்னேன். வேலை எனக்குக் கிடைத்தது. "நீ போனதுதான் சரி, அலுமாரியத் திறக்கிற திறப்பாவது நம்மட கையில இருக்கும்" என்றாய். அதில் ஒரு சொல்லும் குத்தலாக இல்லை. அதுதான் இன்றைக்கும் குத்துகிறது.

நீ கிரானில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான ஆசிரியையாகப் போனாய். பிள்ளைகள் வயல் வட்டைக்குள்ளிருந்து தவளையும் நத்தையும் பிடித்துக்கொண்டு வந்து உன் மேசையில் வைப்பார்களாம். வயல் வேலைக்கு நின்ற தகப்பன்மாரே வரம்பில் கண்ட பூச்சியைத் தீப்பெட்டிக்குள் போட்டுக் கொடுத்து விடுவார்களாம். சனிக்கிழமைகளில் மட்டும் சேறு. ஒவ்வொரு கோடையிலும், வாவி வற்றிச் சேறு தெரிகிற மாதங்களில், அதே இடத்தில் அதே பத்து அடி நீளத்தை அளந்து எண்ணுவாய். அங்கே இரண்டு இன நண்டு. ஒன்றில் ஏறக்குறைய எல்லா ஆணுக்கும் வலது கைதான் பெரிது, மற்றதில் பாதிக்குப் பாதி. வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை நேரத்துக்கு வெட்டி உப்புத் தண்ணி ஏறுகிற வருடம் எது கூடுகிறது, வெட்டப் பிந்துகிற வருடம் எது குறைகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாய். யாரும் உன்னைக் கேட்கவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. வருடம் முடிய, அந்த வருட எண்ணிக்கையும் எழுதிய கடதாசியோடு நண்டுகளை ஜாம் போத்தல்களில் போட்டுக்கொண்டு என்னிடம் வருவாய். "உன்ட அலுமாரில வெய் புள்ள."

வீட்டுக்குள் வெள்ளம் வந்து உன் குறிப்புக் கொப்பிகளெல்லாம் ஊறிப்போன வருடம் நான்தான் அழுதேன். நீ சிரித்தாய். "எல்லாம் போத்தலுக்குள்ள எழுதிப் போட்டிருக்குதானே, என்ன பயம்?" என்றாய். அதற்குப் பிறகு கொப்பியே வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது தலைமுடியெல்லாம் போய், குரலும் ஒள்ளுப்பமாய், கொஞ்சமாய்த்தான் வந்தது. அப்போதும் நீ கேட்டது ஒன்றே ஒன்று. "ஸ்பிரிட் குறைஞ்சா ஊத்துவாயா?" ஊற்றுவேன் என்றேன். ஊற்றினேன், நீ போன பிறகு இந்த இரண்டு வருடமாய் ஒரு தரம்கூடத் தவறவில்லை. ஸ்பிரிட்டை ஊற்றிவிட்டு உன் எழுத்தை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவன் கெட்டவன் இல்லை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்: "அவட போத்தல் எது எண்டு உனக்குத் தெரியும். எந்த இடம் எண்டும் தெரியும். வருசத்த ஒரு மாதிரிக் கணிச்சு எழுதிப் போடன். ஆர் பாக்கப் போறா? நல்ல விசயத்துக்குத்தானே." ஜாம் போத்தலெல்லாம் உன்னுடையது என்பது எனக்குத் தெரியும்தான். பழைய கடதாசி ஒன்றை எடுத்து, பென்சிலைத் தீட்டி, முதலாவதை எழுதினேன். இடம் எழுதினேன். உன் பெயர் எழுதினேன். வருடமும் போட்டேன். அழகாக இருந்தது. அந்த ஒரு துண்டோடு உட்கார்ந்திருக்க, உன்மேலும் ஆத்திரம் வந்தது. இந்தக் கரையைக் காப்பாற்ற நாலு வரி பொய் போதும், அதைக்கூட எழுத முடியாதபடி என்னை ஏன் பழக்கினாய்? கிழித்துப் போட்டேன். ஒருவரும் பார்க்காத அறையில் இருந்து கொஞ்சம் அழுதேன்.

வாவிக் கரையைப் பற்றிப் பிரதேச செயலகம் வைத்த கூட்டத்துக்கு வெறுங்கையோடுதான் போனேன். அறிக்கை எழுதிய மதிப்பீட்டாளரும் வந்திருந்தார். காக்கா பின்வரிசையில் இருந்தார். போத்தல்கள் இருக்கின்றன, விவரம் இல்லை, அதை எறிந்தது நான் என்று சொன்னேன். இரண்டொருவர் சிரித்தார்கள். காக்கா எழும்பி, "தங்கச்சி இஞ்சதான் புடிச்சவ ஐயா. வருசா வருசம் நான் கண்ணால கண்டது" என்றார். வாய்ச்சொல்லை ஆதாரமாக எடுக்க முடியாது என்று மதிப்பீட்டாளர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். அவருடைய மரியாதை எனக்கு ஏறவில்லை.

"நீங்கள் சேற்றைப் பார்க்க எந்த மாதம் வந்தீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் கோப்பைப் புரட்டினார். "மார்கழியில்."

பின்வரிசையில் காக்கா சத்தமாகச் சிரித்துவிட்டார். "மார்கழியில சேறு எங்க ஐயா தெரியிற? நெஞ்சளவு தண்ணி நிக்கும். நண்டு மட்டுமில்ல, நீங்க நிண்டிருந்தா உங்களையும் காணக் கிடைச்சிருக்காது." மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மாரியில் வந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு, சேற்றில் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்! ஊரில் ஒருவரைக் கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை, அதுதான் என்னை எரிக்கிறது. என்ன சொன்னேன், எவ்வளவு உரக்கச் சொன்னேன் என்று எனக்கே சரியாக ஞாபகமில்லை. பிரதேச செயலாளர் அம்மா கையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னா. தண்ணீர் வற்றியதும் எல்லோரும் போய்த் திரும்பப் பார்க்க வேண்டும், அதுவரை மண் போடக்கூடாது என்று தீர்மானம் எழுதினா.

போன கிழமை போனோம். வைகாசி வெயில், கரையோரத்தில் மட்டும் சேறு வெடித்துக் கிடந்தது. உம்மா வேலியருகில் கதிரை போட்டு இருந்தா. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றோம். பிறகு ஒவ்வொரு வளையிலிருந்தும் ஒரு பெரிய கை முதலில் வெளியே வந்தது. கரை முழுக்க ஆயிரம் கைகள் ஆடத் தொடங்கின. மதிப்பீட்டாளர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினார். ஒரு மணித்தியாலம் சேற்றில் நின்று என்னோடு சேர்ந்து எண்ணினார். குறை சொல்லக்கூடாது, ஒழுங்காகத்தான் எண்ணினார்.

கரைக்கு ஏறியதும், கால் கழுவக்கூட நிற்காமல், அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டதில் பிழையில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். "மெடம், இது முன்பு இருந்ததைவிடக் கூடவா, குறைவா? குறைந்து போகிற இனமென்றால் இந்த இடத்தைத் தொடவே முடியாது. அதற்கு ஏதாவது பதிவு இருக்கிறதா?"

அத்தனை வருடம் நீ சேற்றில் நின்றது இந்த ஒரு கேள்விக்காக. யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்றுதான் பதிலை எழுதி, போத்தலுக்குள் போட்டு, என்னிடம் தந்தாய்.

"பதிவு இருந்தது" என்றேன். "ஒருவர் வருடா வருடம் எண்ணி எழுதி வைத்தார். அதை நான் அழித்துவிட்டேன். இதை அப்படியே எழுதுங்கள்." அவர் தயங்கினார். பதிவுகள் கிடைக்கவில்லை என்று போட்டால் போதுமே, என்றார். போதாது என்றேன். உன் முழுப் பெயரையும் என் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.

கரையைப் பற்றிய முடிவு இன்னும் வரவில்லை. திருத்திய அறிக்கை நேற்று வந்தது. சேற்றுக்கு இப்போது ஒன்றரைப் பக்கம். உன் பெயர் ஓர் அரச கடதாசியில் ஆய்வாளர் என்று வந்திருப்பது இதுதான் முதல் தடவை, அதற்கு அடுத்த வரியில் நான் செய்தது இருக்கிறது. அந்தப் பக்கத்தின் பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். நீ யாரென்று யாராவது கேட்டால் அதை எடுத்துக் கொடுப்பேன். நான் யாரென்று கேட்டாலும் கொடுப்பதற்கு என்னிடம் அதுதான் இருக்கிறது.